ஒரே அழைப்பு, மூன்று அட்டவணைகள்: யார் இந்த எட்கர் காட்?

பேங்க் ஆப்பைத் திறக்கிறீர்கள். பெயர், பேலன்ஸ், கடைசிப் பத்து பரிவர்த்தனைகள் எல்லாம் ஒரே திரையில் வந்து நிற்கின்றன. பின்னால் ஒரு 'ஸ்டோர்டு புரொசீஜர்', அதாவது டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த புரோகிராம், ஒரே அழைப்புக்கு மூன்று அட்டவணைகளை அனுப்பியிருக்கலாம். அட்டவணையாகக் கேட்டு அட்டவணையாக வாங்கலாம் என்ற யோசனை எட்கர் காட் கொடுத்தது.

1923-ல் இங்கிலாந்தின் போர்ட்லாண்ட் தீவில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம், உலகப் போரில் விமானி, பிறகு அமெரிக்காவில் ஐபிஎம் வேலை. மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டை பிடிக்காமல் 1953-ல் கனடாவுக்குப் போய், சில வருஷம் கழித்தே திரும்பினார்.

அந்தக் காலத்தில் ஒரு தகவல் வேண்டுமென்றால், அது எந்தப் பாதையில் போனால் கிடைக்கும் என்பது புரோகிராமருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சேமிக்கும் முறை மாறினால் புரோகிராம் படுத்துவிடும். 1970-ல் வந்த காட்டின் கட்டுரை இதைத் தலைகீழாக்கியது. என்ன வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். எடுத்துத் தருவது சிஸ்டத்தின் வேலை.

ஐபிஎம் அவசரப்படவில்லை. அதன் பழைய பாணி 'ஐஎம்எஸ்' நல்ல வருமானம் தந்துகொண்டிருந்தது. மனுஷன் விடவில்லை, வாடிக்கையாளர்களிடமே பேசினார். அவர்கள் நெருக்கியபின்தான் 'சிஸ்டம் ஆர்' திட்டம் வந்தது. அதில் பிறந்ததுதான் எஸ்க்யூஎல். காட் முன்வைத்த 'ஆல்ஃபா' மொழியை அந்தக் குழு எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 1979-ல் ஆரக்கிள் முந்திக்கொண்டு சந்தைக்கு வந்துவிட்டது! ஐபிஎம்மின் எஸ்க்யூஎல் தயாரிப்பு 1981-ல்தான் வந்தது. அதே வருஷம் காட்டுக்கு டூரிங் விருது.

காட்டின் கணக்கில் வரிசைக்கு அர்த்தமே கிடையாது. ஆனால் அந்த மூன்று அட்டவணைகள் கோடுக்கு வரும்போது வரிசைதான் எல்லாம். முதலாவதைப் படித்து முடித்து, சி ஷார்ப்பில் 'நெக்ஸ்ட்ரிசல்ட்', ஜாவாவில் 'கெட்மோர்ரிசல்ட்ஸ்' சொல்லி அடுத்ததற்கு நகர வேண்டும். நெட்வொர்க்கில் ஒரே பயணம் என்பது லாபம். ஆனால் யாரோ புரொசீஜரின் நடுவே புதிதாக ஒரு செலக்ட் சேர்த்தால் போச்சு, பேலன்ஸ் வர வேண்டிய இடத்தில் வேறு அட்டவணை வந்து நிற்கும். காட் ஒழிக்க நினைத்த பழைய பிரச்சினையின் சின்ன வடிவம் இது.

1985-ல், பழைய சரக்குக்குப் புது லேபிள் ஒட்டிய கம்பெனிகளுக்காக, எது உண்மையான ரிலேஷனல் டேட்டாபேஸ் என்று சொல்லும் 'காட் விதிகளை' வெளியிட்டார். 2003 ஏப்ரல் 18 அன்று, 79 வயதில் ஃபுளோரிடாவில் இறந்தார்.