ஷின்காவாச் சந்தில் ஒரு மாணவர்: டொயோஹிகோ ககாவாவின் வரலாறு

கல்வியின் பயன் யாது என்னும் கேள்வி, பள்ளிப் பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வோர் இல்லத்திலும் ஆண்டுக்கொரு முறையேனும் எழுவதுண்டு. பரீட்சை முடிவுகள் வெளியாகும் நாள்களில் நம் குடியிருப்பின் வீடுகள்தோறும் எந்தக் கல்லூரி, எந்த உத்தியோகம், எவ்வளவு ஊதியம் என்பனவே பேச்சாக இருக்கும். அப்பேச்சைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் பேரேடுகளின் நடுவே காலங்கழிக்கும் நமக்கு மேற்படிப்பின் அருமை நன்கு தெரியும். ஆயினும், கற்ற கல்வியை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற வினாவுக்குத் தம் வாழ்நாளையே விடையாக எழுதிச்சென்ற ஒருவரின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக நம் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவர்தாம் ஜப்பான் நாட்டுப் பெரியார் டொயோஹிகோ ககாவா.

ககாவா 1888ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் கோபே என்னும் துறைமுக நகரத்தில் பிறந்தார். தந்தையார் செல்வாக்கு மிக்கவர். வணிகத்திலும் அரசியலிலும் ஈடுபட்டவர். தாயார் அவருக்கு முறைப்படி வாய்த்த மனைவியல்லர். கெய்ஷா எனப்படும் ஆடல் பாடல் மகளிருள் ஒருவர். நான்கு வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்த அச்சிறுவர், தந்தையாரின் மூதூராகிய டோக்குஷிமாப் பகுதிக்கு அனுப்பப்பெற்றார். அங்கே மாற்றாந்தாயும் பாட்டியும் இருந்த பெரிய வீட்டில் உணவுக்குக் குறைவில்லை, அன்புக்கே குறைவிருந்தது. பின்னர் மூத்த தமையனாரின் ஊதாரித்தனத்தால் குடும்பச் சொத்தும் கரைந்து, வீடு கடனில் மூழ்கியது.

நடுநிலைப் பள்ளியில் பயிலும்போது ஆங்கிலம் கற்கும் ஆவலால் அவ்வூரிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்களான மையர்ஸ், லோகன் என்பவர்களை ககாவா அணுகினார். மொழி கற்கச் சென்ற இடத்தில் இழந்த அன்பு கிடைத்தது. 1904இல் மையர்ஸின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது அவரை ஆதரித்துவந்த சிற்றப்பா, பையன் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பயின்று பெரும் பதவியில் அமர்வான் என்று எதிர்பார்த்திருந்தார். மதபோதகராகப் போகிறேன் என்று பிள்ளை சொன்னதும் ஆதரவை நிறுத்திவிட்டார். பிள்ளையின் உத்தியோகத்தைப் பற்றிக் கனவு காணும் பெரியோர் எந்த நாட்டிலும் ஒரே தன்மையர் போலும்!

மையர்ஸின் உதவியால் 1905இல் டோக்கியோவிலுள்ள மெய்ஜி கக்குவின் என்னும் கிறிஸ்தவக் கல்லூரியில் ககாவா சேர்ந்தார். வகுப்பைவிட நூல்நிலையமே அவரை மிகுதியும் ஈர்த்தது. சமயம், தத்துவம், பொருளாதாரம், விஞ்ஞானம் என எதனையும் விலக்காமல் படித்தார். ரஷ்யாவுடன் 1904, 1905ஆம் ஆண்டுகளில் நடந்த போரில் வெற்றி கண்ட பெருமிதத்தில் நாடே திளைத்திருந்தது. அத்தகைய வேளையில், 1906இல், உலக அமைதியை வற்புறுத்தி டோக்குஷிமா நாளிதழொன்றில் அவர் எழுதினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டே.

அமெரிக்காவின் தென் மாநிலங்களைச் சார்ந்த பிரஸ்பிட்டேரியன் மிஷனரிமார் 1907இல் கோபேயில் ஓர் இறையியற் கல்லூரியை நிறுவினர். மையர்ஸும் அங்கே ஆசிரியராக இருந்தமையால் ககாவா அதற்கு மாறினார். ஆனால் படிப்பு தொடங்கும் பருவத்திலேயே க்ஷயரோகம் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. பிழைப்பது அரிது என்று உடனிருந்தோர் அஞ்சினர். உயிர் தப்பியபின் காமகோரி என்னும் கடற்கரைச் சிற்றூரில், மீனவர்களிடையே தனித்திருந்து உடல் தேறினார். அங்கே அவர் எழுதத் தொடங்கிய கதையே பிற்காலத்தில் அவருடைய புகழ்பெற்ற நாவலாக உருவெடுத்தது.

அக்காலத்து புராட்டஸ்டண்டு இறையியற் கல்லூரிகளின் பாடத்திட்டம் எளிதன்று. வேதாகமத்தை மூலமொழிகளில் பயில வேண்டி எபிரேயமும் கிரேக்கமும் கற்க வேண்டும். திருச்சபையின் வரலாறு, கோட்பாடுகளின் ஆராய்ச்சி, பிரசங்கக் கலை ஆகியவையும் உண்டு. தேறியவர்க்கு ஒரு சபை, ஒரு வீடு, மதிப்புள்ள வாழ்வு ஆகியவை காத்திருக்கும். ககாவா இப்பாடங்களை வெறுத்தவரல்லர். ஆனால் கல்லூரிக்கு எட்டிய தொலைவிலேயே ஷின்காவா என்னும் ஏழைக் குடியிருப்பு இருந்தது. அங்கே தெருப் பிரசங்கம் செய்யச் சென்றவரின் உள்ளத்தில் ஓர் ஐயம் புகுந்தது. அன்பைப் பற்றிப் பகலில் மூன்று மொழிகளில் ஆராய்ந்துவிட்டு, இரவில் அதன் தேவை மிகுந்த இடத்தை விட்டு விலகிப்போய் உறங்குவது எவ்வாறு பொருந்தும்?

1909ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலையில், அவர் தம் உடைகளையும் புத்தகங்களையும் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு ஷின்காவாவில் குடியேறினார். கல்லூரிப் படிப்பை அவர் விடவில்லை. பகலில் வகுப்பு, மற்றைய வேளையில் சந்து. அவருக்குக் கிடைத்த சின்னஞ்சிறு வீட்டில் முன்னர் ஒரு கொலை நிகழ்ந்திருந்தது. ஆவி உலவுகிறது என்ற அச்சத்தால் எவரும் குடிவராமையால் வாடகை மலிவாக இருந்தது. சொறி பிடித்தவன், குடியன், கொலைக்குற்றத்துக்குச் சிறை சென்று மீண்டவன் எனப் பலர் அவ்வீட்டில் இடம் பெற்றனர். கொலை செய்தவன் இரவில் திடுக்கிட்டு எழாமலிருக்க ககாவாவின் கையைப் பற்றிக்கொண்டே உறங்குவான் என்பர். மாணவர்க்குரிய சொற்ப உதவித்தொகையே அத்தனை பேருக்கும் கஞ்சியாயிற்று. அங்கே ஒட்டிய கண்ணோய் வாழ்நாள் முழுவதும் அவர் பார்வையை வாட்டியது.

அச்சந்துகளில் ஒரு கொடிய வழக்கம் இருந்தது. வேண்டாத குழந்தைகளைச் சிறிது பணத்தோடு ஏற்றுக்கொண்டு, பாலின்றி வாடவிட்டுச் சாகடிப்பார்கள். பணம் தீர்ந்ததும் குழந்தை மற்றொரு வீட்டுக்குக் கைமாறுவதும் உண்டு. அவ்வாறு மெலிந்து கிடந்த பெண்மகவு ஒன்றை ககாவா தம் அறைக்கு எடுத்து வந்தார். தாய்மையறியாத அந்த இளைஞர் இரவெல்லாம் விழித்துப் பால் காய்ச்சி ஊட்டினார். ஒருபுறம் பாடநூல், மறுபுறம் அழும் குழந்தை! எந்தக் கல்லூரியின் வினாத்தாளிலும் இடம்பெறாத பரீட்சை அது. 1911இல் அவர் இறையியற் படிப்பை முடித்து வெளிவந்தார்.

1913இல் ஷிபா ஹாரு என்னும் நங்கையை மணந்தார். அவர் புத்தகங்கள் அச்சிட்டுக் கட்டும் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்தவர்; ஏழைகளிடையே தொண்டு செய்ய முன்வந்தவர். மணமக்கள் புதுக்குடித்தனம் நடத்திய இடமும் அந்த ஷின்காவாச் சந்தே.

1914இல் ககாவா அமெரிக்கா சென்று, 1812இல் நிறுவப்பெற்ற பிரின்ஸ்டன் இறையியற் கல்லூரியில் சேர்ந்தார். அதே வேளையில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளநூல், உயிர்நூல் முதலிய விஞ்ஞானங்களையும் பயின்றார். கணவர் கடல் கடந்து கற்க, மனைவி வீட்டில் காத்திருந்தார் என்று எண்ணிவிட வேண்டாம். ஹாரு அம்மையாரும் அதே காலத்தில் யோக்கோஹாமாவிலுள்ள மகளிர் இறையியற் பள்ளியில் சேர்ந்து படித்தார். தொழிற்சாலையில் உழைத்த பெண்மணி, மணமான பின்னர்ப் பாடநூலைக் கையிலெடுத்தது நம் இல்லத்தரசியர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தியாகும்.

1916இல் பிரின்ஸ்டனில் பட்டம் பெற்ற ககாவா, நியூயார்க் நகரில் தையல் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அணிவகுத்துச் செல்வதைக் கண்டார். அக்காட்சி அவர் சிந்தையைத் திருப்பிவிட்டது. ஒருவருக்குக் கஞ்சி ஊற்றினால் இன்றைய பசி தீரும். பசிக்குக் காரணமான கூலி முறையை மாற்ற ஏழைகளே ஒன்றுகூட வேண்டும் என்று தெளிந்தார். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் குத்தகை உழவர்களைத் திரட்டிச் சங்கம் அமைக்க உதவிவிட்டு, 1917இல் தாயகம் திரும்பினார். திரும்பிய இடம் எது? மீண்டும் ஷின்காவாதான்.

பின்னர் நிகழ்ந்தவை விரைந்து தொடர்ந்தன. 1920இல் வெளியான அவருடைய நாவல் நாடெங்கும் பெருவாரியாக விற்பனையாயிற்று. அதனால் வந்த பணத்தை அவர் தொண்டுக்கும் இயக்கங்களுக்குமே செலவிட்டார். 1921இல் கோபே கப்பல் கட்டும் தளங்களில் முப்பதினாயிரம் பேரளவில் கலந்துகொண்ட வேலைநிறுத்தத்தில் முன்னின்று, பலாத்காரம் கூடாதென வற்புறுத்திச் சிறையும் சென்றார். வேலைநிறுத்தம் தோல்வியுற்றது, அவர் சோர்ந்தாரில்லை. அதே ஆண்டில் கோபேயில் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கம் அவர் தூண்டுதலால் தோன்றியது. 1922இல் உழவர் சங்கம் அமைத்தார். 1923இல் டோக்கியோவைப் பெருநிலநடுக்கம் அழித்தபோது, அங்கே விரைந்து சென்று துயர் துடைக்கும் பணியில் ஈடுபட்டார்.

நம் தமிழகத்துக்கும் அவர் வந்ததுண்டு. சென்னைக் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் 1931 முதல் சென்றடையும் தாம்பரத்தில், கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் 1938 டிசம்பரில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் ககாவா கலந்துகொண்டார். அப்போது ஜப்பானியப் படைகள் சீனாவில் பேரழிவு செய்துகொண்டிருந்தன. 1939 ஜனவரியில் பர்தோலியில் அவர் காந்தியடிகளைச் சந்தித்தார். அப்போரைப் பற்றி அவர் கருத்தென்ன என்று அடிகள் வினவினார். தம் நிலை இக்கட்டானது என்று ககாவா கூறி, அடிகளாயின் என்ன செய்வார் என்று திருப்பிக் கேட்டார். கூட்டுறவுப் பணிகள் யாவற்றையும் ஒரு தட்டிலும் நாட்டின் மானத்தை மற்றொரு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். உண்மையை வெளிப்படச் சொல்லி, அதற்காகச் சுடப்படவும் சித்தமாயிருக்க வேண்டும் என்பதே அடிகளின் கருத்தாயிருந்தது. முப்பதாண்டுத் தொண்டை நிறுத்துப் பார்க்கும் தராசு அன்று பர்தோலியில் அவர் முன் வைக்கப்பட்டது.

அத்தராசில் ககாவா முழுதும் தேறினார் என்று எழுத நம் மனம் ஒப்பவில்லை. சீனாவுக்கு ஜப்பான் இழைத்த தீங்குக்காக வருந்தி மன்னிப்பு வேண்டியதன் பொருட்டு 1940 ஆகஸ்டில் இராணுவப் போலீசார் அவரைக் கைது செய்தனர். 1943இலும் விசாரணைக்கு ஆளானார். ஆனால் போரின் பிற்பகுதியில், அமெரிக்காவைக் கண்டித்து வானொலியில் பேசவும் அவர் இணங்கினார். வேறொரு குறையும் உண்டு. ஏழைகளின் உளநிலையைப் பற்றி 1915இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், ஜப்பானில் தீண்டத்தகாதாராய் ஒதுக்கப்பட்ட புராகு மக்களைப் பிறவியிலேயே தாழ்ந்தவர்கள் போல எழுதிவிட்டார். அம்மக்களோடு உண்டு உறங்கியவரின் எழுதுகோலில்கூடப் பழைய நஞ்சு ஒட்டியிருந்தது. பிற்காலத்தில் அந்நூல் கடுங்கண்டனத்துக்குள்ளானது முற்றிலும் நியாயமே. பெரியோரின் பிழையை மறைத்தால் அவர்தம் வரலாறு நமக்குப் பாடமாகாது.

போருக்குப் பின்னர் அவர் அமைதிப் பணியிலும் சமயப் பணியிலும் ஓயாது உழைத்தார். இலக்கியத்துக்கும் அமைதிக்குமான நோபல் பரிசுகளுக்கு அவர் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் டோக்கியோவில் அவர் காலமானார். கோபேயில் தோன்றிய கூட்டுறவுச் சங்கம் 1962இல் அண்டையிலிருந்த நாடா சங்கத்தோடு இணைந்து வளர்ந்து, இன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டு விளங்குகின்றது. அரிசியும் எண்ணெயும் நியாய விலையில் வாங்கும் அங்காடி, ஓர் இறையியல் மாணவரின் தொண்டில் கிளைத்தது என்பதை அங்கே வரிசையில் நிற்போரில் எத்தனை பேர் அறிவரோ!

ககாவா கல்லூரியைத் துறந்து சந்துக்குப் போனவரல்லர். சந்திலிருந்தே கல்லூரிக்குப் போய்வந்தவர். பிரின்ஸ்டன் பட்டத்தையும் அவர் ஷின்காவாவுக்கே எடுத்துவந்தார். நம் குடியிருப்பைச் சுற்றியும் மதில் உண்டு. மதிலுக்கு அப்பால் கூலிக்கு வந்தோரின் குடிசைகளும் உண்டு. நம் பிள்ளைகள் அனைவரும் அங்கே குடியேற வேண்டும் என்று நாம் சொல்லத் துணியோம். நாமே அதனைச் செய்தவரல்லோம். ஆனால் உயர்படிப்புக்காக அடுத்த ரயிலேறும் பிள்ளையிடம், நன்றாகப் படி என்பதோடு, படித்ததை எங்கே கொண்டுவருவாய் என்றும் ஒரு சொல் கேட்டு அனுப்புவோமாயின், அதுவே இப்பெரியாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.