ஓரடி பின்னால் நின்று ஜெயித்தவர்

செஸ்ஸில் கறுப்புக்காய் கிடைத்தாலே நம்மில் பலருக்கு முகம் சுருங்கிடும். முதல் நகர்த்தல் எதிராளிக்கு. நாம் ஓரடி பின்னால். மீர் சுல்தான்கானோ பல அடி பின்னால் நின்றவர்!

பஞ்சாபின் மித்தா திவானாவில் பிறந்த இவர் கற்றது நாட்டுச் சதுரங்கம். அதில் சிப்பாய் எப்பவும் ஒரு கட்டம்தான் நகரும். சண்டை மெதுவாய்த்தான் மூளும். 1928-ல் அகில இந்திய சாம்பியன். 1929-ல் உமர் ஹயாத் கான் என்ற பெரும் நிலக்கிழார் லண்டனுக்கு அழைத்துப் போனார். அங்கே சிப்பாய் முதல் தாவலிலேயே இரண்டு கட்டம்! நாலைந்து நகர்த்தலில் மோதல். தொடக்க ஆட்டங்களை மனப்பாடம் செய்தவர்கள் எதிரே.

சுல்தான்கான் என்ன செய்தார்? ஆடம்பரம் பண்ணவில்லை. நெருக்கடியான நிலையையும் பொறுமையாய்த் தாங்கி, ஆட்டத்தைக் கடைசிக் கட்டத்துக்கு இழுத்து வந்தார். அங்கே அவர் புலி! 1929, 1932, 1933 என மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்காவையே வீழ்த்தினார்.

1933 முடிவில் ஊர் திரும்பி, விவசாயம் பார்த்து, 1966-ல் மறைந்தார். உயிரோடிருந்தவரை கிராண்ட்மாஸ்டர் பட்டம் வரவில்லை. 2024-ல்தான் கௌரவப் பட்டம் வந்தது.

இனி கறுப்புக்காய் வந்தால் பதறாதீங்க. ராஜா பத்திரமா? துணையில்லாம நிக்கிற சிப்பாய் எது? இன்னும் வெளியே வராத காய் எது? மூணையும் பார்த்துட்டு அப்புறம் கையைத் தூக்குங்க. பின்னால் தொடங்கியவன் தோற்றே தீரணும்னு சட்டமில்லை!