பாரதிக்கே ஒரு அத்தை தேவைப்பட்டார்: நெல்லை முதல் கடையம் வரை ஒரு கவிஞனைத் தாங்கியவர்கள்

மனசு உடைஞ்சு நிற்கும் பிள்ளைகளிடம் நம்ம ஊரில் சட்டென்று சொல்வது, பாரதி மாதிரி தைரியமா இரு என்பதுதான். ஆனா அந்தப் பாரதி தனியாகவா நின்றார்? அவர் வாழ்க்கை வேறு கதை சொல்கிறது.

15 வயதில் என்ன நடந்தது?

1882 டிசம்பர் 11-ல் எட்டயபுரத்தில் பிறந்தவர் சுப்பிரமணியன். 5 வயதில் அம்மா லட்சுமி அம்மாள் இறந்துவிட்டார். 11 வயதில் பாரதி பட்டம் கிடைத்தது. ஊரே மெச்சிய பையன்.

பிறகு அப்பா சின்னசாமி ஐயர் ஆங்கிலப் படிப்புக்காக அவரைத் திருநெல்வேலி அனுப்பினார். ஜங்ஷனில் உள்ள ம.தி.தா. இந்துக் கல்லூரிப் பள்ளியில் அவர் படித்த வகுப்பறையை இன்றும் காட்டுகிறார்கள். ஆனால் அந்தப் படிப்பு அவருக்கு ஒட்டவே இல்லை. பின்னாளில் தன் சுயசரிதைக் கவிதையில் அந்த வேதனையைக் கொட்டியிருக்கிறார்.

1897-ல், 14 வயதிலேயே கடையம் செல்லம்மாளுடன் கல்யாணம். அப்பாவின் பஞ்சாலைத் தொழில் நொடித்துப்போனது. 1898-ல் அப்பாவும் இறந்தார். பாரதிக்கு அப்போது வயது 15.

பெற்றோர் இழப்பு, பணக் கஷ்டம், பிடிக்காத படிப்பு. வளரிளம் பருவத்தில் ஒருவரை ஆழமான விரக்தியில் தள்ளக்கூடியவை என்று இன்றைய மனநல மருத்துவர்கள் சொல்லும் காரணங்களில் மூன்று, ஒரே பையன் தலையில் விழுந்தன.

யார் கைகொடுத்தது?

காசியில் இருந்த அத்தை குப்பம்மாளும் அவர் கணவர் கிருஷ்ண சிவனும். பையனை வரவழைத்து, வீட்டில் தங்கவைத்து, படிக்கவைத்தார்கள். நெல்லையில் ஒட்டாத படிப்பு அங்கே ஒட்டியது. அலகாபாத் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார். சமஸ்கிருதமும் இந்தியும் கற்றார். தலைப்பாகையும் மீசையுமாக நாம் பார்க்கும் பாரதி உருவானது அந்த வீட்டில்தான்.

கடையத்தில் கேட்ட உதவி

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கைது. மூன்று வாரங்களுக்கு மேல் சிறை. வெளியே வந்து, மனைவியின் ஊரான கடையத்தில் சுமார் இரண்டு வருஷம் இருந்தார். கையில் காசில்லை, வேலையும் இல்லை.

அப்போது அவர் செய்ததுதான் முக்கியம். வாயைத் திறந்து கேட்டார். 1919-ல் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதினார். உதவி வரவில்லை. 1920-ல் தன் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் போட நண்பர்களிடம் பணம் கேட்டார். அதுவும் நடக்கவில்லை. ஆனாலும் அதே ஆண்டு சுதேசமித்திரன் கதவு மறுபடி திறந்தது. 1921 செப்டம்பரில் 38 வயதில் இறக்கும் வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

உதவி கேட்பது கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் கடையத்துப் பாரதியைப் பார்க்கலாம்.

இன்றைய பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கு?

வாழவே பிடிக்கலை என்ற எண்ணம் வருவது ஒருவரின் குற்றம் இல்லை. தாங்க முடியாத வலியின் அறிகுறி அது. சரியான உதவி கிடைத்தால் அந்த எண்ணம் தணியும். முதலில் சொன்ன ஆள் காதில் வாங்கவில்லையா? இன்னொருவரிடம் சொல்லுங்க. அத்தை, சித்தப்பா, டீச்சர், நண்பனின் அம்மா என யாராகவும் இருக்கலாம்.

நண்பர் ஒருவர் திடீரென ஒதுங்குகிறாரா? தூக்கம் கெட்டிருக்கிறதா? நான் எல்லாருக்கும் பாரம் என்கிறாரா? ஆசையாக வைத்திருந்த பொருட்களைக் கொடுத்துவிடுகிறாரா? தற்கொலை எண்ணம் இருக்கா என்று நேரடியாகவே கேளுங்க. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. திட்டாமல் கேட்டுக்கொண்டு, தனியாக விடாமல், நம்பிக்கையான பெரியவரிடம் சொல்லுங்க. ரகசியம் காப்பதைவிட உயிர் முக்கியம்.

எங்கே பேசலாம்?

* டெலி மனஸ்: 14416 (24 மணி நேரமும், இலவசம், தமிழில் பேசலாம்)
* தமிழக அரசு சுகாதார உதவி எண்: 104
* 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு: 1098
* நெல்லையில் நேரில் செல்ல: ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு

பாரதிக்குக் காசி வரை போக வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு போன் போதும்.