காலராவைக் குடித்தவர்

வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்கும்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. அதைக் கண்டுபிடிச்சவர் எலி மெட்ச்னிகாஃப். 1845-ல் இன்றைய உக்ரைனின் கார்கிவ் பக்கத்தில் பிறந்தவர். 1882-ல் இத்தாலியின் மெசினாவில் நட்சத்திரமீன் லார்வாவுக்குள் முள்ளைக் குத்தினார். செல்கள் ஓடிவந்து முள்ளைச் சூழ்ந்தன. அதுதான் 1908-ல் நோபல் வரை போனது.

ஆனா நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது வேற கதை. 1888-லிருந்து பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தார். 1892-ல் பிரான்சில் காலரா. இந்தக் கிருமிதான் நோய்க்குக் காரணமா என்பதிலேயே அப்போ சண்டை. மனுஷன் கிருமியை எடுத்துத் தானே குடிச்சுட்டார். ஒண்ணும் ஆகலை. கூட இருந்த ஒருத்தர் குடிச்சார், அவருக்கும் ஒண்ணுமில்லை. இன்னொருத்தர் குடிச்சு, சாவைத் தொட்டுட்டுத் திரும்பினார். (இன்னைக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியும் இதை விடாது. விடவும் கூடாது.)

ஒரே கிருமி, ஆளுக்கொரு விளைவு. ஏன்? லேபில் வளர்த்துப் பார்த்தால், சில நுண்ணுயிர்கள் காலராக் கிருமியை வளரவிட்டன, சில தடுத்தன. அப்போ வயித்துக்குள்ள ஏற்கனவே யார் குடியிருக்காங்க என்பதும் முக்கியம்!

அப்புறம்தான் புளிக்கவைத்த பாலைப் பிடிச்சார், தினமும் குடிச்சார். பெருங்குடலில் நடக்கும் அழுகல்தான் முதுமைக்கே காரணம்னார். அது ரொம்ப ஓவர், நிக்கலை. 1916-ல், 71 வயசில் இறந்தார்.

குடல் கேள்வி மட்டும் நின்னுச்சு. 2015-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 800 பேரின் ரத்தச் சர்க்கரையை ஒரு வாரம் அளந்தது. ஒரே சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு அளவு ஏறியது. குடல் நுண்ணுயிர் விவரத்தையும் சேர்த்துக் கொடுத்ததும், யாருக்கு எவ்வளவு ஏறும்னு ஒரு மெஷின் லேர்னிங் மாடல் முன்கூட்டியே கணிச்சது.