இருமச் சொன்ன மருத்துவர்

ஆஞ்சியோகிராம் என்ற சொல்லை இன்று கேள்விப்படாத வீடே இல்லை எனலாம். இதயத்தின் இரத்தக் குழாய்களை அம்முறையில் முதன்முதலாகத் தெளிவாகப் படம்பிடித்துக் காட்டியவர் டாக்டர் மேசன் ஸோன்ஸ். இவர் 1918-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தார். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 1950-இல் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவமனையில் பணியேற்றார்.

எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியும். இரத்தக் குழாய் தெரியாது. ஆகவே அயோடின் கலந்த சாயமருந்தைக் குழாய்க்குள் செலுத்துவர். அயோடின் எக்ஸ்ரே கதிர்களைத் தடுப்பதால் மருந்து ஓடும் வழி படத்தில் விழும். ஆனால் இதயத்திற்கே இரத்தம் ஊட்டும் கரோனரித் தமனிகளுக்குள் அதை நேரே செலுத்த எவரும் துணியவில்லை. செலுத்தினால் துடிப்பு தாறுமாறாகி நோயாளி இறந்துவிடுவார் என்றே அக்கால மருத்துவர்கள் நம்பினர்.

1958 அக்டோபர் 30 அன்று 26 வயது இளைஞர் ஒருவருக்கு மகாதமனியைப் படம் எடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. மேசைக்கு அடியில் தரையில் வெட்டிய பள்ளத்தில் நின்றபடி ஸோன்ஸ் திரையைக் கவனித்தார். மருந்து பாய்ந்தது. ஐயோ! கதீட்டர் குழாயின் நுனி நழுவி வலது கரோனரித் தமனிக்குள் நுழைந்திருந்தது. குழாயை வெளியே இழுக்கும்படி அவர் கத்தினார். அதற்குள் சுமார் 30 மில்லி லிட்டர் உள்ளே போய்விட்டது. இளைஞரின் இதயம் நின்றது.

பள்ளத்திலிருந்து ஏறி ஓடிவந்த ஸோன்ஸ், மார்பைத் திறக்க அறுவைக் கத்தியைத் தேடினார். அப்போது இ.சி.ஜி. கருவி கண்ணில் பட்டது. துடிப்பு தாறுமாறாகவில்லை, அடியோடு நின்றிருந்தது. அவ்வளவுதான். நோயாளிக்கு இன்னும் நினைவு இருந்ததால், பலமாக இருமும்படி கட்டளையிட்டார். இருமும்போது மார்பினுள் எழும் அழுத்தம் இரத்தத்தைத் தள்ளி, தேங்கிய மருந்தையும் வெளியேற்றும் என்பது அவர் கணிப்பு. மூன்று நான்கு இருமலில் இதயம் மீண்டும் துடித்தது! இளைஞர் நலமுடன் பிழைத்தார்.

வேறொருவராயிருந்தால் தப்பினோம் என்று அத்தோடு விட்டிருப்பார். ஸோன்ஸ் யோசித்தார். இத்தனை மருந்தைத் தாங்கிய இதயம், சில மில்லி லிட்டரை எளிதில் தாங்காதா? பழைய சாயமருந்துகள் இரத்தத்தைவிடப் பன்மடங்கு அடர்த்தியானவை. அவை துடிப்பை மந்தமாக்கும். இரத்த அழுத்தத்தையும் சற்று நேரம் குறைக்கும். எனவே அளவைச் சுருக்கினார். முழங்கைத் தமனி வழியே செல்லத் தக்க தனிக் கதீட்டரை வடிவமைத்தார். படங்களைச் சினிமாச் சுருளில் பதிவுசெய்தார். 1962-இல் தம் முறையை வெளியிட்டார். (இதயத்திற்கு அவ்வளவு தொல்லை தராத, அடர்த்தி குறைந்த மருந்துகள் பின்னாளில்தான் வந்தன.)

அடைப்பு இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரிந்ததால் அறுவைக்கும் வழி பிறந்தது. 1967-இல் அதே மருத்துவமனையில் டாக்டர் ரெனே ஃபவலோரோ, காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு பைபாஸ் சிகிச்சை செய்தார்.

ஸோன்ஸுக்கு 1983-இல் லாஸ்கர் விருது கிடைத்தது. ஓயாது புகைபிடித்த அவர், 1985-இல் நுரையீரல் புற்றுநோயால் காலமானார்.