பால் புட்டி கழுவுறதும் ஒரு வேலையா? டோனாவூர் அம்மையின் கதை



இந்த இதழ்ல ராக்கெட் விட்டவர் கதையோ, கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சவர் கதையோ வரும்னு நினைச்சு வந்திருந்தா, ஒரு பத்து நிமிஷம் பொறுத்துக்கோங்க. இது பால் புட்டி பற்றிய கதை. நம்ம ஊர்க் கதையும்தான்.

எங்க மதினிக்குப் போன வருஷம் குழந்தை பிறந்தது. லீவு முடிந்து வேலைக்குக் கிளம்பும்போது குழந்தைக்கு ஐந்து மாதம்கூட முழுசா ஆகலை. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து பாலைப் பிழிந்து எடுத்து வைப்பாங்க. ஆபீஸ்ல அதற்கென்று ஒரு அறை கிடையாது. ஸ்டேஷனரி சாமான் அடுக்கி வைத்திருக்கும் அறையைப் பூட்டிக்கொண்டு, கைப் பம்பில் எடுப்பாங்க. சித்திரை வெயிலில் பஸ்ஸில் வீடு வந்து சேரும்போது சில நாள் அந்தப் பால் திரிந்திருக்கும். கொட்டிவிட்டு அழுவாங்க. நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். பக்கத்திலேயே உட்கார்ந்து ஹீட் டிரான்ஸ்ஃபர் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பாலும் ஒரு ஹீட் டிரான்ஸ்ஃபர் கணக்குதான்னு எனக்குத் தோணவே இல்லை பாருங்க!

தாய் பக்கத்தில் இல்லாத குழந்தைக்குப் பாதுகாப்பா எப்படிப் பால் கொடுப்பது? இந்தக் கேள்வியோடு நூற்றிருபது வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம திருநெல்வேலிச் சீமையில் ஒருத்தர் மல்லுக்கட்டியிருக்கிறார். பெயர் ஏமி கார்மைக்கேல். களக்காடு, ஏர்வாடி பக்கத்து ஆட்களுக்கு டோனாவூர் அம்மா என்றால் உடனே தெரியும்.

மில் பெண்களோடு தொடங்கிய வாழ்க்கை

ஏமி 1867 டிசம்பர் 16-ஆம் தேதி வட அயர்லாந்தில் மில்லைல் என்ற கடலோர ஊரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். அப்பா மாவு மில் நடத்திய வசதியான மனிதர். 1885-இல் அவர் இறந்ததும் குடும்பம் நொடித்துப்போனது. தம்பி தங்கைகளைக் கவனிக்கும் பொறுப்பில் அம்மாவுக்குத் துணையாக நின்றார் ஏமி.

அப்போது பெல்ஃபாஸ்ட் நகரம் முழுக்க நெசவு ஆலைகள். அங்கே வேலை பார்த்த ஏழைப் பெண்களுக்குத் தொப்பி வாங்கக் காசு கிடையாது. தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு வருவார்கள், மரியாதைப்பட்டவர்கள் முகம் சுளிப்பார்கள். ஏமி அந்தப் பெண்களோடுதான் பழகினார். 1889-இல் அவர்களுக்காகத் தகரத்தில் ஒரு பெரிய கூடமே எழுப்பினார்.

இங்கே நம்ம பக்கம் கொஞ்சம் பாருங்க. 1885-இல்தான் பாபநாசத்தில் தாமிரபரணி அருவியின் வேகத்தை வைத்து ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை தொடங்கினார்கள். அங்கே பெல்ஃபாஸ்ட், இங்கே பாபநாசம். வீட்டில் செய்த வேலை ஆலைக்குள் போன காலம் அது. தாய் ஒரு இடத்தில், குழந்தை இன்னொரு இடத்தில் என்கிற நிலைமை உலகம் முழுக்கப் பரவியதும் இப்படித்தான்.

திருநெல்வேலிக்கு வந்த கதை

ஏமி மதம் பரப்பும் ஊழியராகத்தான் வந்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. 1893-இல் ஜப்பான் போனார், உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. 1895-இல் பெங்களூர். அடுத்த வருஷக் கடைசியில் தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியிடம் தமிழ் படிக்க திருநெல்வேலி வந்தவர், அதன்பிறகு ஒருமுறைகூட அயர்லாந்து திரும்பவில்லை. புடவை கட்டிக்கொண்டு, சில தமிழ்ப் பெண்களோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார். முதலில் பண்ணைவிளை, பிறகு மேற்கு மலையடிவாரத்தில் டோனாவூர். பெயரைக் கேட்டதும் குழம்பாதீங்க. அந்த ஊர் உருவாகப் பண உதவி செய்த டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயர்தான் அது.

1901 மார்ச்சில் பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி, கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படும் நிலையிலிருந்து தப்பி ஏமியிடம் வந்து சேர்ந்தாள். அந்த வழக்கத்தைச் சென்னை மாகாணம் சட்டம் போட்டுத் தடுத்தது 1947-இல்தான். பிரீனா வழியாக விஷயம் தெரிந்த ஏமி, அப்படிப்பட்ட குழந்தைகளைத் தேடத் தொடங்கினார். 1904-இல் கைக்குழந்தைகளும் வரத் தொடங்கின. பிரச்சினையும் அங்கேதான் தொடங்கியது.

தொட்டில் இருக்கு, பால் இல்லை

பிறந்து சில நாட்களே ஆன குழந்தை. தாய் இல்லை. வண்டியில் நெடுந்தூரம் வந்த களைப்பு வேறு. என்ன கொடுப்பீங்க?

வேறொரு தாயைப் பால் கொடுக்கச் சொல்லலாமே என்று தோணும். அந்தக் காலத்தில் அடுத்தவள் பிள்ளைக்கு, அதுவும் எந்தச் சாதி என்றே தெரியாத பிள்ளைக்கு, முலைப்பால் கொடுக்க ஊர்ப் பெண்கள் முன்வரவில்லை. வழக்கம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மிச்சம் இருந்தது மாட்டுப்பாலும் புட்டியும்தான்.

அது ஏன் ஆபத்து என்று இன்று நமக்குத் தெரியும். மாட்டுப்பாலில் புரதம் தாய்ப்பாலைவிட மூன்று மடங்கு. பிஞ்சுச் சிறுநீரகம் அதைத் தாங்காது. கிருமி அதைவிடப் பெரிய ஆபத்து. நம்ம ஊர் வெப்பத்தில் சில கிருமிகள் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒரு மணி நேரத்தில் ஒன்று எட்டாகும். நான்கு மணி நேரத்தில் 2-இன் 12-ஆம் அடுக்கு, அதாவது 4096. காலையில் சரியாகக் கழுவாத ஒரு புட்டி, மதியத்துக்குள் என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அந்தக் காலத்தில் பிரிட்டனில் நீண்ட ரப்பர் குழாய் வைத்த புட்டிகள் விற்றன. குழாயின் உள்பக்கம் கழுவவே முடியாது. குழந்தைகளைக் கொன்றதால் அவற்றுக்குக் கொலைப் புட்டி என்றே பெயர் வந்தது.

டோனாவூரிலும் சாவு வந்தது. ஆசையாகப் பெயர் வைத்து வளர்த்த குழந்தைகள் ஒவ்வொன்றாகப் போயின. 1905 தொடக்கத்தில் இந்திரநீலா என்ற குழந்தையின் சாவு ஏமியை உடைத்துப்போட்டது. பக்கத்தில் ஆஸ்பத்திரி கிடையாது. தென் திருவிதாங்கூரில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குத்தான் மாட்டு வண்டி கட்டணும். கடைசியில் பச்சிளங் குழந்தைகளை நெய்யூரிலேயே, டாக்டர்கள் கூப்பிடும் தூரத்தில், ஒரு வீட்டில் வைத்து வளர்ப்பது என்று முடிவானது.

பொன்னம்மாள்

அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டது யார் தெரியுமா? பொன்னம்மாள் என்ற தமிழ்ப் பெண். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், ஒரு மகளுக்குத் தாய். முன்பு ஏமியோடு வண்டியில் ஊர் ஊராகப் போனவர்களில் ஒருவர். என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையின் உண்மையான நாயகி இவர்தான்.

அன்றைக்குப் படித்த பெண்கள் போதிக்கப் போவார்கள், வாசிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். குழந்தைக்குப் பீத்துணி அலசுவது, புட்டி கழுவுவது, ராத்திரி முழித்துப் பால் காய்ச்சுவது எல்லாம் ஆயா வேலை, கௌரவக் குறைச்சல். ஏமி ஆள் கேட்டு அலைந்தபோது பலர் ஒதுங்கியதற்குக் காரணம் இதுதான். பொன்னம்மாள் ஒதுங்கவில்லை. டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். ஒழுங்கில் கறார். சின்னப் பெண்களுக்கு அந்த வேலையைப் பழக்கினார். ஒரு தொற்று வந்து நெய்யூர் வீட்டில் குழந்தைகள் அடுத்தடுத்துச் செத்தபோதும் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பிழைத்த குழந்தைகளைத் தேற்றி எடுத்தார்.

1907-இல் மேபல் வேட் என்ற பயிற்சி பெற்ற நர்ஸ் இங்கிலாந்திலிருந்து வந்தார். பிறகு குழந்தைகள் டோனாவூருக்கே திரும்பினார்கள், தொட்டில் அறைகள் பெருகின. பொன்னம்மாள் 1915-இல் புற்றுநோயில் இறந்தார். ஏமி அவருடைய வாழ்க்கையைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். ஒரு வெள்ளைக்கார அம்மா, தன்னிடம் வேலை செய்த தமிழ் விதவையின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியது அந்தக் காலத்துக்கு அபூர்வம்தான்.

அப்போது ஒரு பம்ப் இருந்திருந்தால்?

இன்ஜினியரிங் படிக்கிறவங்க இதைக் கேட்காமல் இருக்க முடியாதே. நல்ல மின்சார மார்பகப் பம்ப் 1920-களில்தான் சிகாகோவில் உருவானது. குறைமாதக் குழந்தைகளுக்காக டாக்டர் ஐசக் ஆப்ட் அதைத் தேடிக்கொண்டிருந்தார். வடிவமைத்துக் காப்புரிமை வாங்கியவர் எட்வர்டு லாஸ்கர். ஆமா, செஸ் ஆடுறவங்களுக்குத் தெரிந்த அதே லாஸ்கர்தான்! 1912-இல் ராணியைப் பலிகொடுத்து எதிராளியின் ராஜாவைப் பலகையின் மறுகோடி வரைக்கும் விரட்டி மேட் செய்தவர். படிப்பால் அவர் இன்ஜினியர். செஸ் பிளேயர் செஸ்ட் பிளேயர் ஆகிவிட்டார் என்று நண்பர்கள் கேலி செய்தார்களாம். கேலி போகட்டும், அந்தப் பம்பால் பிழைத்த குழந்தைகள் நிறைய.

ஆனால் ஒன்று. பம்ப் பாலை எடுத்துத்தான் கொடுக்கும். கழுவுவது, கொதிக்க வைப்பது, நேரம் குறிப்பது, குளிர வைப்பது, பொறுமையாகப் புகட்டுவது எல்லாம் மனிதர் செய்தாகணும். பொன்னம்மாளின் வேலை அப்படியேதான் இருக்கிறது.

அம்மையின் கடைசி வருஷங்கள்

1918 முதல் ஆண் குழந்தைகளும் டோனாவூருக்கு வந்தார்கள். 1919-இல் அரசு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தது. ஏமி கூச்சப்பட்டார், விழாவுக்குப் போகவில்லை. 1927-இல் டோனாவூர் ஐக்கியம் பதிவு செய்யப்பட்டது. சொந்த ஆஸ்பத்திரியும் எழும்பியது. மாட்டு வண்டியில் நெய்யூர் போன காலம் முடிந்தது. 1931-இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதன்பிறகு இருபது வருஷம் பெரும்பாலும் ஒரே அறைக்குள். அங்கிருந்தபடியே புத்தகங்களாக எழுதித் தள்ளினார். 1951 ஜனவரி 18-இல் இறந்தார்.

கல்லறையில் தன் பெயர் பொறித்த கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள். அதில் அம்மை என்ற ஒரே சொல்.

சரி, இப்போ நாம?

சட்டப்படி முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். அப்படி எடுத்தால் பிறகு மிஞ்சுவது 18 வாரம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்று டாக்டர்கள் சொல்வார்கள். கணக்கு உதைக்குது இல்லையா? 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேணும், தாய் ஒரு நாளில் நாலு தடவை போய் வரலாம் என்றும் சட்டம் சொல்கிறது. முக்கூடலில், மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் அம்மாக்களுக்கும், ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் அக்காக்களுக்கும் இது எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று நீங்களே விசாரித்துப் பாருங்க.

வீட்டில் செய்யக்கூடியது நிறைய இருக்கு. பிழிந்த பால் 25 டிகிரி வரைதான் வெளியே நான்கு மணி நேரம் தாங்கும். நம்ம ஊர் வெயிலுக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஐஸ் வைத்த பெட்டி அவசியம். ஃபிரிட்ஜில் நான்கு நாள் வைக்கலாம், கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்கணும். ஒரு வேளைக்கு ஆகும் அளவாகச் சின்னச் சின்ன டப்பாவில் பிரித்து, தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்க. அடுப்பில் நேராகச் சூடாக்காமல், வெதுவெதுப்பான தண்ணீருக்குள் டப்பாவை வையுங்க. குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காதீங்க. புட்டி கட்டாயம் என்றும் இல்லை. நம்ம ஆச்சிமார் வைத்திருக்கும் பாலாடை போதும். ஓட்டை கிடையாது, ரப்பர் கிடையாது, ஒரு தேய்ப்பில் சுத்தமாகிவிடும். நல்ல டிசைன் என்றால் அதுதான்!

இதில் பிழிவது ஒன்றுதான் தாய் மட்டுமே செய்ய முடிந்த வேலை. மற்றதெல்லாம் அப்பா செய்யலாம், தாத்தா செய்யலாம், ஹீட் டிரான்ஸ்ஃபர் படிக்கிற கொழுந்தனும் செய்யலாம். இப்போ எங்க வீட்டில் ராத்திரி டப்பா கழுவிக் கொதிக்க வைத்து, ஐஸ் பெட்டி கட்டி வைப்பது என் பொறுப்பு. முதல் வாரம் அம்மாவே சிரிச்சாங்க. மதினி சிரிக்கலை. அன்றைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினாங்க.

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிக்கிட்டு இருக்கீங்களா? சத்தம் போடாத, விலை குறைந்த ஒரு பம்ப். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பால் கெடாமல் காக்கும் ஒரு பை. யோசிச்சுப் பாருங்க. அதற்கு முன்னால் இன்றைக்கு ராத்திரி வீட்டில் கழுவாமல் கிடக்கும் டப்பாவை யார் கழுவுறாங்கன்னு ஒருதடவை எட்டிப் பாருங்க.