டிராக்டர் அச்சிலிருந்து ஒரு கனெக்டிங் ராட்

என்ஜின் வெடிச்சுதுன்னு கேள்விப்பட்டா முதல்ல சந்தேகப்பட வேண்டிய பார்ட்களில் ஒன்று கனெக்டிங் ராட். நாம இதைப் புத்தகத்தில் படிக்கிறோம். பர்ட் மன்றோ உடைத்து உடைத்தே படித்தார்.

1899-ல் நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கும் இன்வர்கார்கிலில் பிறந்தவர். 1920-ல் ஒரு இந்தியன் ஸ்கவுட் பைக் வாங்கினார். 600 சிசி வி-ட்வின். மணிக்கு 55 மைல்தான் அதிகபட்சம். பல வருஷங்கள் அதே பைக்கை மாற்றி மாற்றிச் செதுக்கினார். பகலில் மோட்டார் சைக்கிள் விற்பனை, இரவில் ஷெட்டில் வேலை. கையில் காசு குறைவு. அதனால் பிஸ்டனைக்கூட பழைய டப்பாக்களை அச்சாக வைத்து தானே வார்த்துக்கொண்டார். உடைந்த பார்ட்ஸை எறியவில்லை. வேகக் கடவுளுக்குக் காணிக்கைன்னு எழுதி அலமாரியில் அடுக்கி வைத்தார்.

ராட் ஏன் இவ்வளவு முக்கியம்? ஆர்பிஎம் இரண்டு மடங்கானால் ராட் மேல வர்ற இனர்ஷியா விசை நாலு மடங்காகும். கம்ப்ரஷன் முடிவில் வாயு அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளி ராட்டுக்குக் கொஞ்சம் உதவும். எக்ஸாஸ்ட் முடிவில் அந்த உதவி கிடையாது. மேலே பாயும் பிஸ்டனை ராட்தான் தனியா இழுத்து நிறுத்தணும். பெரும்பாலும் அங்கேதான் நீண்டு, களைத்து, உடையும். தடிமனாக்கினால் எடை கூடும். எடை கூடினால் விசையும் கூடும். இன்றைய டிராக் ரேஸர்கள் பலர் லேசான அலுமினிய ராட் போட்டு, சில ஓட்டங்களுக்குப் பிறகு கழற்றி மாற்றிவிடுகிறார்கள். மன்றோவுக்கு அந்த வசதி ஏது? கேட்டர்பில்லர் டிராக்டர் ஒன்றின் அச்சை எடுத்தார். அதிர்ச்சியும் முறுக்கும் தாங்கவே செய்த எஃகு அது. கையாலேயே அராவி ராட்டாக்கி, ஹீட் ட்ரீட்மென்ட் செய்தார்.

1962-ல் அமெரிக்காவின் போன்வில் உப்புவெளிக்கு அந்த பைக்கோடு போனார். வயது 63, இதய நோய் வேறு. அந்த வேகத்தில் ராட் உடைந்து என்ஜின் இறுகினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். உயிருக்கு உத்தரவாதம் இல்லை. தெரிந்தேதான் ஏறினார். 1967-ல், 68 வயதில், 950 சிசியாக வளர்ந்திருந்த அதே என்ஜினில் 183.59 மைல் வேகம். வகுப்பு சாதனை!

1978-ல் காலமானார். பழைய கணக்கில் சராசரி தப்பாகப் போட்டிருந்ததை அவர் மகன் கண்டுபிடிக்க, 2014-ல் சாதனை 184.087 மைல்னு திருத்தப்பட்டது. ஆக, இறந்து 36 வருஷம் கழித்தும் மனுஷன் வேகம் கூட்டியிருக்கார்.

உங்க டீம் ராட் தேர்வு செய்யும்போது கேட்டலாக்கைத் திறக்குறதுக்கு முன்னாடி ஆர்பிஎம்மையும் பிஸ்டன் எடையையும் எழுதி வைங்க. மீதியை அந்த ரெண்டு எண்ணே சொல்லும்.